நிற்கும் வண்டியில் எரியும் விளக்கு

'கேரவன்' என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது, படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் இளைப்பாறும் குளிரூட்டிய வண்டிதான். ஆனால் சொல் பாரசீகத்துக் 'கார்வான்'. வணிகரும் யாத்திரிகரும் ஒட்டகங்களுடன் கூட்டமாய்ப் பாலை கடந்த பயணத்துக்கு வழங்கிய பெயர் அது. ஆங்கிலேயர் அதனை எடுத்துக் கொண்டார்கள். பின்னர் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் 'வேன்' என்று வைத்துக் கொண்டார்கள். ஆகவே மணவூரில் எங்கள் வாசலில் நின்ற பழைய வேனுக்குள் ஒரு கட்டிலையும் ஒரு பாட்டரியையும் ஏற்ற முற்பட்டபோது, மேனாட்டுப் புதுமை எதையோ செய்வதாக நாங்கள் எண்ணிக் கொள்ளவில்லை. வெட்டுண்ட தலையை மீண்டும் ஒட்ட வைக்கிறோம் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக் கொண்டோம். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மணவூர் சிற்றூர். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில் செஞ்சிப்பனம்பாக்கத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் இடையே வரும் நிலையம். தென்னிந்தியாவில் முதன்முதலாக 1856 இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய பயணிகள் இரயில் இவ்வழியேதான் ஓடியது. வடக்கே திருத்தணி மலை. அதனையும் தாண்டினால் ஆந்திர எல்லை. காயல்பட்டினத்தில் பிறந்த எங்கள் வாப்பா இவ்வளவு தொலைவு வந்து குடியேறியதற்குக் காரணமும் இந்த இரயில்தான். பேசின் பிரிட்ஜ் பணிமனையில் அவருக்கு 'டிரெயின் லைட்டிங்' பிரிவில் வேலை. விடியுமுன் எழுந்து, சுப்ஹுத் தொழுதுவிட்டு மின்சார இரயிலைப் பிடிப்பார், இஷாவுக்குத்தான் திரும்புவார். சட்டையில் எப்போதும் பாட்டரி அமிலம் தின்ற சிறு துளைகள் இருக்கும். உம்மா அவற்றைத் தைத்துத் தைத்து அலுத்துப் போவார்கள்.

அவர் செய்த வேலை இன்னதென்று அந்நாளில் எங்களுக்கு விளங்கியதில்லை. இரயில் பெட்டியில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பயணிகளில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அந்நாளைய பெட்டிகளின் அடியில் சக்கரத்து அச்சோடு தோல்வார் போன்றதொரு பெல்ட்டால் பிணைத்த டைனமோ இருக்கும். வண்டி ஓடும்போது அது மின்சாரம் பிறப்பிக்கும். விளக்கையும் எரிக்கும், அடியில் பெட்டிக்குள் வரிசையாய் வைத்த ஈயப் பாட்டரிகளையும் நிரப்பும். வண்டி நின்றதும் டைனமோ ஓய்ந்துவிடும், பாட்டரி பொறுப்பேற்கும். இரண்டு வோல்ட் தரும் செல்கள் பன்னிரண்டைக் கோத்து 24 வோல்ட் என்பது பழைய முறை. பின்னால் 110 வோல்ட் வந்தது. சிக்னலுக்காக வண்டி நெடுநேரம் நிற்கையில் விளக்கு மெல்லச் சிவந்து மங்குவதை மூத்த வாசகர்கள் கண்டிருப்பார்கள். அந்த மங்கலைக் குறைப்பதே எங்கள் வாப்பாவின் வாழ்நாள் உழைப்பாய் இருந்தது. அதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே என்பார் 1859 இல், மீண்டும் மீண்டும் நிரப்பக் கூடிய ஈயப் பாட்டரியை முதன்முதலில் அமைத்தார். அதனை மனிதர் பயன்படுத்திய முதற்காரியங்களுள் ஒன்று, நிலையத்தில் நின்று கொண்டிருக்கும் இரயில் பெட்டிக்கு விளக்கேற்றியதுதான்!

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின் வாப்பாவின் மூச்சு குறையலாயிற்று. இளமையில் கைவிடாத பீடியைத் தவிர வேறெவரையும் அவர் குறை சொல்வதில்லை. இரவு முழுவதும், பகலில் களைத்த வேளைகளிலும், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்ஸிஜன் செலுத்த வேண்டுமென்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் என்னும் இயந்திரம் கட்டிலருகே வந்தது. அன்று முதல் அவர் சுவரில் உள்ள ஒரு பிளக்கோடு கட்டுண்டு போனார்.

இந்நிலையில் வந்தது 2023 டிசம்பர் மாதத்துப் பெருமழை. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அங்கே, பிறந்த வீட்டில், வாப்பாவின் ராத்தா தனியே இருந்தார்கள். அவர்களுக்கு எண்பத்து நான்கு வயது. தொலைபேசி அடங்கிவிட்டது. மின்சாரம் இல்லை, சாலை இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே சிக்கி நின்றது. அச்செய்தியைக் கேட்ட வாப்பா மூக்கில் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்து, "பெட்டி பாட்டரி எத்தன மணி நேரம் தாங்கும்னு யாராவது கேட்டாங்களா?" என்றார். வேறெவர்க்கும் தோன்றாத கேள்வி அது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ராத்தாவின் குரல் தொலைபேசியில் வந்தது. மாடிக்கு ஏறிவிட்டதாகவும், அண்டை வீட்டார் பார்த்துக் கொண்டதாகவும் சொன்னார்கள். பேசி முடித்து வாப்பா எங்களைப் பார்த்தார். "ரமலானுக்கு முந்தி என்னய அங்க கொண்டு போய்ச் சேர்த்திருங்க" என்றார். அதற்குப் பின் அவ்விஷயத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, எங்களுக்கும் உறக்கமில்லை.

எப்படிக் கொண்டு போவது? வாழ்நாளெல்லாம் இரயிலுக்கு உழைத்தவரை இரயிலில் அழைத்துச் செல்ல இயலவில்லை என்பது எங்களைச் சுட்டது. பெட்டியில் கைபேசிக்கு மின்னேற்றும் துளை, 350 வாட் எடுக்கும் இயந்திரத்துக்கு உரியதன்று. சாலை வழியே ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ஒரே மூச்சில் அவர் உடம்பு தாங்காது. நடுவழியில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். எங்களில் மூத்தவர் பள்ளி ஆசிரியர். இளையவர் இருசக்கர வண்டிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓடிக் கொண்டிருந்த பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தபோது, அதனை வாங்குவோம் என்று சொன்னவர் இளையவர். வாங்கியபின் கையைப் பிசைந்தவர்கள் இருவரும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியைத் தன்னிச்சையாய் மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கையைக் கழற்றிக் கட்டில் போடுமுன் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவது நலம். நாங்கள் பெற்றோம், அதற்கு எத்தனை நடை நடந்தோம் என்பதை இங்கே எழுதினால் இந்த இதழின் பக்கங்கள் போதா.

இனி மின்சாரத்துக்கு வருவோம். வண்டியில் ஏற்கெனவே ஒரு பாட்டரி இருக்கிறதே, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்பவர் பலர். எங்கள் மாமா ஒருவர் மூன்று முறை கேட்டார். என்ஜினைக் கிளப்பும் பாட்டரி வேறு, இரவெல்லாம் எரிக்கும் பாட்டரி வேறு. முன்னதில் மெல்லிய தகடுகள் பல. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை உதறித் தள்ளிவிட்டு உடனே நிரப்பிக் கொள்ளும். அதனை இரவு முழுதும் வடியவிட்டால் சில முறைகளிலேயே பாழாகும். காலையில் வண்டியும் கிளம்பாது. நூறு மீட்டர் ஓடுபவனைச் சுமை தூக்கச் சொல்வது போன்ற வேலை அது. ஆகவே இரண்டாவது பாட்டரி ஒன்று வேண்டும். அது முதலாவதன் மின்சாரத்தைத் தொடாமல், வண்டி ஓடும்போது மட்டும் நிரம்ப வேண்டும். இரயில் பெட்டியின் ஏற்பாடும் அதுவே அல்லவா?

எவ்வளவு பெரிய பாட்டரி? வாப்பா ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். இயந்திரம் 350 வாட். 12 வோல்ட்டை 230 ஆக்கும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்து விழுக்காடு தின்னும். ஆக 390 வாட். 12.8 வோல்ட்டில் அது 30 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 240 ஆம்பியர்-மணி. ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 500 ஆம்பியர்-மணி வேண்டும். வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணிப் பாட்டரிகள் நான்கு! ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். மொத்தம் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட ஈயமும் அமிலமும் கட்டிலுக்கடியில்.

வாப்பா ஈயத்தின் பக்கமே நின்றார். "அது நான் அறிஞ்ச சரக்கு" என்றார். நிலைய எல்லை தாண்டினால் ரேணிகுண்டா, திருப்பதி. அங்கே கரகம்பாடியில் பாட்டரி ஆலையே இருக்கிறது, போய்ப் பார்த்து வாங்கி வாருங்கள் என்றும் சொன்னார். இளையவர் லித்தியத்தின் பக்கம் வாதாடினார். இரண்டு நாள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. இறுதியில் வாதத்தை முடித்தது எடையுமன்று, விலையுமன்று. வாப்பாவின் பழைய பாட்டரி அறைதான். ஈயப் பாட்டரி நிரம்பி வழியும் தறுவாயில் ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். தம் பணிமனையின் பாட்டரி அறையில் தீக்குச்சியோடு நுழைந்தவனை எப்படித் துரத்துவார்கள் என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். இளையவர் மெதுவாகக் கேட்டார்: "வாப்பா, மூடுன வண்டிக்குள்ள ஒரு பக்கம் ஹைட்ரஜன், ஒரு பக்கம் உங்க மூக்குக்கிட்ட ஆக்ஸிஜன், நடுவில நீங்க தூங்குறது சரியா?" வாப்பா நாட்காட்டியைத் திருப்பி வைத்தார். "லித்தியத்தையே வாங்கு" என்றார்.

லித்தியம் என்று பொதுவாய்ச் சொன்னாலும், நாங்கள் வாங்கியது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. பிற லித்திய வகைகளைக் காட்டிலும் இது எளிதில் தீப்பற்றாதது, எண்பது விழுக்காடு வரை வடிக்கலாம், வாயு விடாது. 300 ஆம்பியர்-மணியும் சேர்ந்து நாற்பது கிலோவுக்குள் அடங்கிற்று. இவ்வகையின் பிறப்பில் நம்மவர் கையும் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் ஜான் குட்இனஃப் என்னும் பேரறிஞரோடு, 1980களில், ஆக்ஸைடுகளுக்குப் பதிலாக சல்ஃபேட் முதலிய சேர்மங்களைப் பாட்டரியில் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்றவர். அவ்வழியே தொடர்ந்து சென்றுதான் 1990களின் பிற்பகுதியில் அதே ஆய்வுக் கூடத்தில் இரும்பு பாஸ்பேட் கிடைத்தது. அதனைக் கண்டவர்களுள் அட்சய பாடி என்ற இந்தியரும் ஒருவர். 2019 இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, முதுமை காரணமாக அவர் சார்பில் நோபல் சொற்பொழிவை ஆற்றியவர் மந்திரம் அவர்களே. இதை மூத்தவர் படித்துச் சொன்னபோது வாப்பாவுக்கு லித்தியத்தின்மேல் இருந்த எஞ்சிய கோபமும் தணிந்தது. "நம்ம தெக்கத்திப் பிள்ளையா?" என்று இருமுறை கேட்டார்.

அடுத்து நிரப்பும் வழி. இரண்டு பாட்டரிகளையும் ஒரு ரிலேயால் இணைத்துவிடலாம் என்று சொன்னார்கள். ஈயத்துக்கு அது பொருந்தும். லித்தியமோ பசித்த வயிறு. கொடுக்கக் கொடுக்க இழுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நடுவே அளந்து கொடுக்கும் ஒரு காவலாள் வேண்டும், டி.சி.-டி.சி. சார்ஜர் என்பது அதுதான். நாங்கள் பூட்டியது 50 ஆம்பியர் அளவுடையது. ஓடும்போது இயந்திரமும் ஓடினால் 30 போகும், 20 மிஞ்சும்; எட்டு மணி ஓட்டத்துக்கு 160 ஆம்பியர்-மணி. போதாது. கூரையில் 200 வாட் சூரியத் தகடுகள் இரண்டு வைத்தோம். நம் நாட்டு வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் வரை எதிர்பார்க்கலாம். அது ஏறத்தாழ 110 ஆம்பியர்-மணி. இரண்டையும் கூட்டினால் ஓரிரவின் செலவு தேறும். இவ்வளவுக்கும் மேலாக, பத்து லிட்டர் கொள்ளளவுள்ள ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றைப் பட்டை போட்டு இறுக்கி வைத்தோம். நிரம்பிய சிலிண்டரில் 1500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். மின்சாரம் முற்றிலும் கைவிட்டாலும் ஒரு மருத்துவமனையை அடைய அது போதும்.

இத்தனையும் யோசித்தவர்கள் ஒயரை யோசிக்கவில்லை.

பாட்டரிக்குக் கொட்டிக் கொடுத்தபின் கையில் பணமில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் பரணில் கிடந்தது. வீட்டில் வெந்நீர் ஹீட்டருக்கே போடும் ஒயர், 390 வாட்டுக்குப் போதாதா என்று எண்ணினோம். பாட்டரி கட்டிலுக்கடியில்; இன்வெர்ட்டரை மூன்று மீட்டர் தள்ளி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கண்ணுக்கு அழகாய்ப் பொருத்தினோம். நீளம் போதாத ஓரிடத்தில் இரு முனைகளையும் கையால் முறுக்கி, டேப் சுற்றினோம். ஃபியூஸைக் கைக்கு எட்டட்டும் என்று இன்வெர்ட்டர் அருகே வைத்தோம். விளக்கு எரிந்தது, இயந்திரம் ஓடிற்று, அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள்.

ஜனவரி மாத இறுதியில் ஒரு நாள், வாசலிலேயே வண்டியை நிறுத்தி ஒத்திகை வைத்தோம். இஷாவுக்குப் பின் வாப்பா ஏறிப் படுத்தார். நாங்கள் இருவரும் கீழே பாய் விரித்தோம். பின்னிரவு இரண்டு மணியிருக்கும். கீச்சென்று ஓர் ஓலம். அதைத் தொடர்ந்து அமைதி. இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி எத்தகையது என்பதை, நோயாளியை வைத்துக் காப்பவர்கள்தாம் அறிவார்கள். இளையவர் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற ஒரு நிமிடமாயிற்று. மூத்தவரின் கை நடுங்கியதில் டார்ச் கீழே விழுந்தது. வாப்பா மட்டும் பேசவில்லை. உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல ஊதிக் கொண்டிருந்தார். மூச்சு நிலைபட்டதும் அவர் கேட்ட முதல் வார்த்தை: "மீட்டர எடு."

அளந்தோம். பாட்டரியில் 13.1, இன்வெர்ட்டர் வாயிலும் 13.1. எல்லாம் சரியாயிருந்தது. புது இன்வெர்ட்டர்தான் கெட்டுவிட்டது, காலையில் கடைக்காரனைக் கேட்போம் என்று மூத்தவர் சினந்தார். வாப்பா தலையசைத்தார். "சும இல்லாம அளந்தா ஒயர் பொய் சொல்லும். மிஷின ஓட விட்டு அள." ஓடவிட்டு அளந்தோம். பாட்டரியில் 12.8, இன்வெர்ட்டர் வாயில் 10.9! இன்வெர்ட்டர் மறுபடியும் ஓலமிட்டது. "இப்ப ஒயரத் தொட்டுப் பாருங்க." தொட்ட இளையவர் கையை உதறினார். முறுக்கிக் கட்டிய மூட்டில் டேப் இளகிப் பளபளத்தது.

நடந்தது இதுதான். 230 வோல்ட்டில் 350 வாட் என்பது ஒன்றரை ஆம்பியர். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு முப்பது ஆம்பியர். ஹீட்டரின் வாட் அதிகம் என்றாலும் அதன் ஆம்பியர் குறைவு. ஒயர் அறிவது வாட்டையன்று, ஆம்பியரையே. போகவர ஆறு மீட்டர் மெல்லிய செம்பில் முப்பது ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். மோசமான மூட்டு தன் பங்கைத் தின்னும். இதில் இன்னொரு வஞ்சனையும் உண்டு. வோல்ட் குறையக் குறைய, இன்வெர்ட்டர் தன் 390 வாட்டை விட்டுக் கொடாமல் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும்; 10.9 வோல்ட்டில் அது 36 ஆகிவிட்டது. ஆம்பியர் கூடினால் ஒயர் சுடும்; சுட்டால் தடை கூடும்; கூடினால் வோல்ட் இன்னும் இறங்கும். பாதி ஒயரிலும் பாதி அந்த மூட்டிலுமாக இழந்த 1.9 வோல்ட்டை 36 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 68 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றை, ஆக்ஸிஜன் ஓடும் கட்டிலுக்கருகே, பலகை மறைவில், மணிக்கணக்காய் எரிய விட்டிருக்கிறோம்! ஃபியூஸ் போகவில்லையே என்றால், போகக் காரணமில்லை. அது 60 ஆம்பியருக்கானது. அன்றியும் அது இருந்த இடமே தவறு.

அன்றிரவு நாங்கள் வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. கடிந்திருந்தால் எளிதாயிருக்கும். பரணில் கிடந்த ஒயரை மிச்சம் பிடித்ததில் எவ்வளவு இலாபம் என்று மூத்தவர் மறுநாள் கணக்குப் பார்த்தார். ஒரு நல்ல பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட ஆகவில்லை.

மறுநாள் முதல் வாப்பாவே மேஸ்திரி. நாற்காலியில் குழாயோடு உட்கார்ந்து, கைத்தடியால் சுட்டிச் சுட்டிச் சொன்னார். பெரிய ஒயர் வாங்கி வரக் கிளம்பிய இளையவரை நிறுத்தி, "முதல்ல தூரத்தக் குற, அப்புறம் ஒயரப் பெருக்கு" என்றார். இன்வெர்ட்டர் பாட்டரியின் பக்கத்துக்கே வந்தது. 12 வோல்ட்டின் வழி ஒரு மீட்டராய்ச் சுருங்கிற்று. அழகுக்கு ஆசைப்பட்ட நீளத்தை எல்லாம் 230 வோல்ட் ஒயர் ஏற்றுக் கொண்டது. அந்த ஒரு மீட்டருக்கும் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு. இழப்பு 0.04 வோல்ட்டாக இறங்கியது. முனைகளை முறுக்காமல், செம்பு லக் வைத்து, அழுத்துக் கருவியால் நசுக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு முனைகள் கையோடு வந்துவிட்டன, மறுபடியும் செய்தோம்.

ஃபியூஸ் பற்றி அவர் சொன்னதை வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிய வேண்டும். ஃபியூஸ் கருவியைக் காப்பதற்கன்று, ஒயரைக் காப்பதற்கு. ஆகவே மின்சாரம் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே, பாட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள், அது இருக்க வேண்டும். பாட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள ஒயர் எங்கேனும் தகரத்தில் உரசித் தோலுரிந்தால் அதனைத் தடுக்க எவருமில்லை. என்ஜின் பாட்டரியிலிருந்து பின்னால் வரும் ஒயருக்கோ இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். ஏனெனில் அதன் இருபுறமும் பாட்டரி. 12 வோல்ட் கையைத் தீண்டாது என்பது மெய். அதை நம்பியே பலர் அலட்சியம் செய்கிறார்கள்; அது ஆளை உதறாது, வண்டியை எரிக்கும். தகரத்தைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடச் செய்தார். கான்சன்ட்ரேட்டர் மூச்சு முட்டாதபடி நாற்புறமும் இடைவெளி விட்டு, மின்சாரக் கருவிகள் எதுவும் மூக்குக் குழாயின் அருகே வாராமல் பலகை அடித்தோம். மாமாவின் சிகரெட்டுக்கு வண்டியிலிருந்து ஐம்பதடி எல்லை விதிக்கப்பட்டது.

மூன்று இரவுகள் ஒத்திகை நடந்தது. மூன்றாம் இரவில்தான் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் உறங்கினோம்.

பிப்ரவரி நடுவில், மருத்துவரிடம் மறுபடியும் காட்டிவிட்டு, ஒரு சுப்ஹுக்குப் பின் புறப்பட்டோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று வழி நீண்டது. சாலையைவிட அதிகமாகச் சுவரில் ஒட்டிய சிறு மானியைத்தான் பார்த்தோம். வாப்பா கண்ணாடி வழியே இரயில் பாதை தென்படும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தார். திருச்சியை அடுத்து, நெடுஞ்சாலை உணவகமொன்றில் அனுமதி கேட்டு, அதன் வளாகத்து வேப்பமரத்தடியில் தங்கினோம். இரவு பத்து மணிக்கு மானி 96 விழுக்காடு காட்டிற்று. பன்னிரண்டரைக்கு 71. மூன்று மணிக்கு 46. இருளில் அந்த எண்ணை நோக்கிக் கொண்டிருந்த எங்களிடம், உறங்குகிறார் என்று நாங்கள் நம்பியிருந்த வாப்பா, "மணிக்குப் பத்துதான் குறையுது, கணக்குச் சரியா இருக்கு, தூங்குங்க" என்றார். சுப்ஹு பாங்கு எங்கோ தொலைவில் கேட்டபோது 22. அல்ஹம்துலில்லாஹ்! என்ஜினைத் திருகினோம், தன் பாட்டரியின் பலத்தில் ஒரே முறையில் கிளம்பிற்று.

மறுநாள் மதுரை, அருப்புக்கோட்டை, தூத்துக்குடி. உப்பளங்களின் வெண்மை கண்ணில் பட்டதும் வாப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அஸருக்குச் சற்று முன் தெருவுக்குள் நுழைந்தோம். ராத்தா வாசற்படியில் நின்றிருந்தார்கள். சுவரில் வெள்ளம் நின்ற கோடு அவர்கள் இடுப்புக்குமேல் இருந்தது. இருவரும் பேசியதை நாங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று சாமான் இறக்கும் பாவனையில் விலகிப் போனோம்.

இரண்டாம் இரவு மக்ரிபுக்குப் பின் அந்தத் தெருவில் மின்சாரம் நின்றது. வீட்டுக்குள் ஓடிக் கொண்டிருந்த கான்சன்ட்ரேட்டர் ஓலமிட்டது. இம்முறை எவர் கையும் நடுங்கவில்லை. வண்டியிலிருந்து சன்னல் வழியே ஒரு ஒயரை நீட்டினோம், இயந்திரம் ஓடலாயிற்று, மிச்சத்துக்கு ஒரு விளக்கையும் மாட்டினோம். தெரு முழுவதும் இருண்டு கிடக்க, அந்த ஒரு சன்னல் மட்டும் வெளிச்சமாயிருந்தது.

"இது எங்க இருந்து வருது தம்பி?" என்று ராத்தா கேட்டார்கள்.

"வண்டி நிக்கும்போது எரியிற விளக்கு, ராத்தா. அந்தக் காலத்தில நான் பாத்த வேலதான்" என்றார் வாப்பா.

அவர்கள் அவ்விளக்கருகே உட்கார்ந்து, வெள்ளத்தில் நனைந்து உலர்ந்த பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். இளையவர் வெளியே போய், இருட்டில் ஒயரின் லக் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். எதுவும் சுடவில்லை.